குட்டியானையில் போன குடித்தனம்

பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். பழந்துணிக்கு எவர்சில்வர் கிண்ணம், கிழிந்த பட்டுப்புடவைக்குச் சரிகை விலை, மாதக் கடைசியில் பேப்பர் கட்டைப் போட்டால் பால் காசு. ஒரு சாமான் வாசலைத் தாண்டினால் பதிலுக்கு ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பொருளாதாரம். ஆகவே, மேற்கு மாம்பலத்து மூன்றாம் மாடி வீட்டை ஒழித்துக் கொடுக்க ஒருவரிடம் விசாரித்து, "மொத்தமா 9,000 ஆகுமாம்" என்று நான் சொன்னபோது, அது அவர் நமக்குத் தரப்போகிற தொகை என்றே அம்மா எடுத்துக்கொண்டாள். "முதல்லயே ஒத்துக்காதே, இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேளு" என்றாள்.

விஷயத்தை விளக்கியதும் வீட்டில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நம்ம சோபாவை எடுத்துட்டுப் போறதுக்கு நாம காசு கொடுக்கணுமா? திருடன்கூட அப்படிக் கேக்க மாட்டானே" என்றாள். உண்மைதான். ஆனால் எந்தத் திருடனும் மூன்று மாடி ஏறி அந்த சோபாவைத் தூக்க மாட்டான்.

முதலில் காயலான் கடைக்காரரை வரவழைத்தோம். அவர் பார்வையே வேறு. நாம் அலமாரி, ஃபிரிட்ஜ், கிரைண்டர் என்று பார்ப்பதை அவர் இரும்பு, செம்பு, ஈயம் என்று பார்க்கிறார். அப்பாவின் தேக்கு ஈசிசேரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மூலையில் செத்துக் கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரியிடம் போய் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருக்கும் ஈயத்துக்காக அதற்குத்தான் நல்ல மரியாதை. ஃபிரிட்ஜில் அவர் மதித்தது கம்ப்ரஸரை மட்டும்.

வாஷிங் மெஷினில்தான் அம்மா ஏமாந்தாள். இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கியதைப் பார்த்து, எடைக்கு நல்ல காசு வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கடைக்காரர் அதைத் தராசில் வைக்காமல் பின்பக்கத்தைக் கழற்றி, கான்கிரீட் கட்டிகளை வெளியே எடுத்து வைத்தார். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் வேகமாகச் சுற்றும்போது இடம்விட்டு நகராமல் இருக்க உள்ளே பாரம் வைப்பார்களாம். "கல்லுக்கு இரும்பு விலை கொடுக்க முடியாதும்மா" என்றார். பத்து வருஷமாகக் கல்லையா துவைத்தோம் என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

டிவியின் கதை இன்னும் மோசம். 2006 தேர்தலில் வாக்குறுதியாகக் கிளம்பி, பிறகு வீடு வீடாக வந்ததே இலவச வண்ணத் தொலைக்காட்சி, அதில் ஒன்று. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் அதைத் தொட யாருக்கும் விருப்பமில்லை. "உள்ள இருக்கிற செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கிறேன், மீதியை நீங்களே வெச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். சும்மா வந்தது சும்மா போக மாட்டேன் என்றது. கடைசியில் மின்கழிவு வாங்கும் இடத்துக்குத் தம்பி ஆட்டோ வைத்து அனுப்பினான். அரசாங்கம் காசு வாங்காமல் கொடுத்த டிவிக்கு நாங்கள் செலவழித்தது அந்த ஆட்டோ வாடகைதான்.

கடைக்காரர் 4,800 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மிஞ்சியவை சோபா, நாலு மெத்தை, மரத்தூளை ஒட்டிச் செய்த கம்ப்யூட்டர் மேஜை, யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிள், பெயர் சொல்ல முடியாத மூட்டைகள். அந்த மேஜை மரக்கடையிலும் போகாது, அடுப்புக்கும் ஆகாது, தண்ணீர் பட்டால் ரவை உப்புமா மாதிரி உப்பிவிடும். இவற்றுக்குத்தான் அந்த 9,000.

ரேட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று, அந்தத் தொகையைச் சொன்ன மேஸ்திரியிடம் உட்கார்ந்து கேட்டேன். எடைக்கும் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை, அடைக்கிற இடத்துக்குத்தான் காசு. குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி முக்கால் டன் தாங்கும். ஆனால் ஒரு சோபாவும் இரண்டு மெத்தையும் ஏறினால் எடையே இல்லாமல் வண்டி நிரம்பிவிடும். அதனால்தான் சோபாவைக் கையையும் காலையும் பிரித்து ஏற்றுகிறார்கள். இரண்டு நடை ஒரு நடையாகும். வண்டி வாடகைக்கு மேல் ஆள் கூலி, ஆள் கூலிக்கு மேல் மாடிக் கூலி. லிஃப்ட் இல்லாத வீட்டில் மாடிக்கு ஒரு தொகை. தெருவில் கார்களை நிறுத்தி வண்டி உள்ளே வர முடியாவிட்டால், தெருமுனை வரை சுமக்க இன்னொன்று. எங்கள் தெருவில் நின்ற கார்களில் ஒன்று என்னுடையது. அதை நகர்த்தியதும் 400 ரூபாய் குறைந்தது. நான் சம்பாதித்ததிலேயே சுலபமான 400 ரூபாய் அதுதான்.

இடையில் இன்னொருவர் பாதி ரேட்டுக்கு வந்தார். "எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் நீங்க ஏன் சார் கேக்கறீங்க, வேணும்னா இன்னும் 500 குறைச்சுக்குங்க" என்றார். இரவோடு இரவாக ஏதோ ஓர் ஏரிக்கரையில் எங்கள் மெத்தைகள் படுத்துக்கொண்டிருக்கும் காட்சி கண்முன் வந்தது. மூட்டைக்குள் என் பெயர் போட்ட பழைய கடிதங்கள் வேறு. வேண்டாம் என்றேன். மாநகராட்சியில் 1913க்குச் சொன்னால் சனிக்கிழமை வந்து சோபா, மெத்தையெல்லாம் இலவசமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எங்களுக்கோ வியாழக்கிழமையே பெயின்டர் வருகிறார், அவரை விட்டால் பொங்கலுக்கு அப்புறம்தான் பிடிக்க முடியும்.

புதன்கிழமை காலை வண்டி வந்து நின்றது. பாதி ஏற்றியிருப்பார்கள், இரண்டாம் மாடி மாமி ஒரு உடைந்த ஊஞ்சல் பலகையோடு இறங்கி வந்தார். "போற வண்டிதானே, இதையும் போட்டுடலாமா?" அடுத்து கீழ்வீட்டுத் தாத்தாவின் கமோட் நாற்காலி. அப்புறம் யாருடையது என்றே தெரியாத ஒரு பொம்மைக் கார். மேஸ்திரி என்னிடம் வந்து, "சார், இதுக்கெல்லாம் ஏத்துக்கூலி தனி" என்றார். மாமியோ, "வண்டிக்கு எப்படியும் அவர் கொடுத்தாச்சே" என்று மேஸ்திரிக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து 8,900 கைமாறியது. கார் மிச்சம் பிடித்துத் தந்ததில் முந்நூறை மாமி கொண்டுபோயிருந்தார். 4,800 போக நிகரச் செலவு 4,100 என்று நான் கணக்குச் சொல்ல ஆரம்பித்ததும் அம்மா தடுத்தாள். "அது வேற, இது வேற. வித்த காசு என்னோடது. வண்டிக் காசு நீ கொடுத்தது." அவள் கணக்குப்படி வீடு காலி செய்ததில் முழு லாபம்.

அன்று மாலையே சித்தி போன் செய்தாள். "உங்கம்மா சொன்னா, பழைய சாமானுக்கு 4,800 கொடுத்தானாமே? அந்த ஆள் நம்பரை அனுப்பு. எங்ககிட்ட உங்களதைவிடப் பெரிய சோபா இருக்கு, ஒரு ரெண்டாயிரமாவது தருவானா?"