பதினோரு மணிப் பஞ்சாயத்து

தமிழ்த் தொலைக்காட்சிக்கு யார் எந்த யோசனை கேட்டுப் போன் செய்தாலும் முதலில் கிடைக்கிற யோசனை ஒன்றுதான்: "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா." முழங்கால் வலியாக இருக்கட்டும், மகளுக்கு வரன் தட்டிப்போவதாக இருக்கட்டும், தென்னையில் குரும்பை உதிர்வதாக இருக்கட்டும், இதைத் தாண்டித்தான் மற்றதெல்லாம். நேரலை என்றுதான் பெயர். ஆனால் படமும் பேச்சும் செயற்கைக்கோள் வரைக்கும் போய்த் திரும்பி வீடு வந்து சேரச் சில நொடிகள் பிந்தும். போனில் பேசுகிறவர் தன் குரலே முதுகுக்குப் பின்னால் கேட்பதை உணர்ந்து, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று "ஹலோ?" என்பார். கொஞ்ச நேரத்தில் அந்த ஹலோவும் டிவி வழியாக வந்து சேரும். அதற்கும் ஒரு ஹலோ. தொகுப்பாளினி சிரிப்பு மாறாமல், "அம்மா, டிவியைப் பார்க்காதீங்க, போன்ல மட்டும் பேசுங்க" என்பார். டிவியில் வர வேண்டும் என்பதற்காகவே போன் செய்தவரிடம் டிவியைப் பார்க்காதே என்றால் அவர் என்னதான் செய்வார்?

எங்கள் வீட்டில் இந்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைமை ரசிகை பெரியம்மா. பெரியப்பா காலமான பிறகு பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருச்சிக்கு எங்களோடு வந்துவிட்டார். பகலில் வீட்டில் என்ன நடக்கிறது என்பது நான் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அத்தனை வருடமும் நான் அலுவலகத்தில் கோப்பு புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஹாலில் ஒரு நீதிமன்றம், ஒரு வைத்தியசாலை, ஒரு ஜோதிட நிலையம் மூன்றும் ஒரே ரிமோட்டில் இயங்கி வந்திருக்கின்றன. முதல்நாள் நான் போய் நின்றதும், "உக்காரு தம்பி, ஃபேன மறைக்காம உக்காரு" என்று பார்வையாளர் வரிசையில் ஓர் இடம் தந்தார். அதற்கு மேல் பதவி உயர்வு இதுவரை வரவில்லை.

மக்கள் யோசனை கேட்பதற்காக இவற்றைப் பார்க்கிறார்கள் என்று சேனல்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் ஹாலில் ஒரு முற்பகல் உட்கார்ந்தால் அந்த நினைப்பு போய்விடும். யோசனை சொல்வதற்காகத்தான் பார்க்கிறார்கள். தொகுப்பாளர் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா தீர்ப்பு சொல்லி, மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்துவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவத் தொடங்கியிருப்பார்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. பிறகு அதில் 'வயலும் வாழ்வும்' வந்தது. உழவர்களுக்கான நிகழ்ச்சி. வேறு சேனல் கிடையாது என்பதால் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். மாம்பலத்தில் மாடி வீட்டில் குடியிருந்த எங்கள் மாமா ஒருவர், நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று கல்யாண வீடுகளில் விளக்குவார். எதிரில் நின்று கேட்டவர்கள் எல்லாம் தஞ்சாவூர் மிராசுகள். பட்டணத்து மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்கு நகர்வார்கள். அப்புறம் சன் டிவியில் காலை வேளையில் சுகி சிவம் 'இந்த நாள் இனிய நாள்' சொல்ல வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விசு 'அரட்டை அரங்கம்' நடத்தினார். பெரியம்மா இரண்டுக்கும் பக்தை. சுகி சிவம் சொன்ன நல்லதையெல்லாம் கவனமாகக் காதில் வாங்கி அன்றைக்கே மருமகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். தனக்கென்று எதையும் வைத்துக்கொண்டதில்லை.

இப்போதைய அட்டவணைப்படி பத்து மணிக்கு வைத்தியர். மூலையில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று எறும்பு ஊர்கிற அளவில் எழுத்து ஓடும். வெள்ளைக் கோட்டு, பின்னால் பச்சிலைப் படம், மேஜை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு.

"சார், எனக்கு மூணு வருஷமா சுகர்."

"சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு?"

"நடுவுலகூடப் பாத்தேன் சார், கொறையல."

"பயப்படாதீங்க. நேர்ல வாங்க."

கேள்வி எதுவானாலும் பதில் 'நேர்ல வாங்க'தான். எந்தக் கிழமை எந்த ஊரில் எந்த லாட்ஜில் தங்குகிறார் என்பது கீழே ஓடிக்கொண்டிருக்கும். சர்க்கரை வியாதியைக் குணமாக்குவோம், ஆளை உயரமாக்குவோம் என்றெல்லாம் மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லிருந்தே ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "சட்டம் பத்து மணிக்கு டிவி பாக்குதா?" என்று கேட்டார்.

அவர் கோபம் வேறு. வைத்தியர் சொன்ன கஷாயத்தில் சுக்கு இல்லை. "சுக்கு போடச் சொல்லல பாரு. இவன்லாம் என்ன வைத்தியன்?" மிளகை எத்தனை என்று எண்ணிப் போடச் சொன்னாலும் ஏற்க மாட்டார். இத்தனைக்கும் டிவி வைத்தியம் எதையும் அவர் தன் உடம்பில் ஏற்றியதே கிடையாது. முழங்காலுக்கு அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, அங்கே கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுகிறார். டிவி வைத்தியர் கண்டிப்பதற்கு, ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டு நடப்பதற்கு. இந்த எல்லைக்கோடு மட்டும் எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாக இருந்தால் எத்தனையோ சிறுநீரகங்கள் பிழைக்கும்.

பதினோரு மணிக்குத்தான் பிரதான வழக்கு. உலை இறக்கியாயிற்று, குழம்பு கொதிக்கிறது, மனைவி வெங்காயத் தட்டோடு வந்து உட்கார்வாள். எதிர்வீட்டு அக்கா கீரைக்கட்டோடு வருவார். ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'. 2011-ல் தொடங்கிய குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சி. அது முதலில் எந்த நேரத்தில் ஒளிபரப்பானால் என்ன? யூடியூபில் பழைய பகுதிகள் கொட்டிக் கிடக்கின்றன, பேரன் டிவியில் போடக் கற்றுக் கொடுத்திருக்கிறான். ஆகவே எங்கள் வீட்டில் அது பதினோரு மணி நிகழ்ச்சி. பார்த்த வழக்கையே மறுபடி பார்ப்பார்கள். அந்தக் கணவன் கடைசியில் அழுவான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆரம்பத்தில் அவன் கால்மேல் கால் போட்டு உட்காரும்போது, "ஆடுடா, ஆடு. இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று பெரியம்மா எச்சரிப்பார்.

செய்தி வாசிப்பில் 'வணக்கம்' சொல்லியே புகழ்பெற்ற நிர்மலா பெரியசாமிதான் முதலில் அதை நடத்தினார். பிறகு வந்தவர்களில் 'ஆரோகணம்' படத்தை இயக்கிய லட்சுமி ராமகிருஷ்ணன்தான் ஊரெல்லாம் பேசப்பட்டவர். இதற்கெல்லாம் முன்பே விஜய் டிவியில் நடிகை லட்சுமி 'கதையல்ல நிஜம்' நடத்தியிருக்கிறார். பின்னால் சன் டிவியில் குஷ்பு 'நிஜங்கள்' நடத்தினார். இவர்களில் வக்கீல் யாருமில்லையே என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். "வக்கீல் இருந்தா வாய்தாதான் வாங்குவான்" என்றார் எதிர்வீட்டு அக்கா. அவருக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

வழக்கின் நடைமுறை மாறாதது. கணவன் ஒரு சோபாவில், மனைவி ஒரு சோபாவில், நடுவில் மேடம். கணவன் தன்னைப்போல உத்தமன் இல்லை என்று சொல்லி முடிக்கிற கணத்தில் பின்பக்கக் கதவு திறக்கும். முதலில் செருப்பு தெரியும், பிறகு புடவைக் கரை. வயலின் கதறும். முகம் தெரிவதற்குள் விளம்பரம். இடைவேளைக்குப் பிறகு கதவு மறுபடி முதலிலிருந்து திறக்கும்.

இந்த இடைவேளையில்தான் எங்கள் ஹாலில் விசாரணை. மனைவி புடவையை வைத்து முடிவு செய்வாள். "பட்டு கட்டிக்கிட்டு அழ வந்திருக்கா, எனக்கு நம்பிக்கை இல்லைங்க." எதிர்வீட்டு அக்கா எப்போதும் நாத்தனார் கட்சி, அவரே நான்கு பேருக்கு நாத்தனார். பெரியம்மாவின் கணக்கு மாமியாரில் தொடங்கும். மாமியார் மேடைக்கே வரவில்லை என்றாலும், "வராதவதான் காரணம்" என்று முடித்துவிடுவார். நான் ஒருமுறை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறாற்போல் தெரிகிறதே என்றேன். மூன்று பேரும் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆண்பிள்ளை அப்படிச் சொன்னால் அவன் எதையோ மறைக்கிறான் என்பது அந்த நிகழ்ச்சியால் நிரூபணமான விஷயமாம். அன்றைக்கு எனக்கு அப்பளம் வரவில்லை.

ஊர் இந்த நிகழ்ச்சியைக் கிண்டலும் செய்து தீர்த்துவிட்டது. விஜய் டிவியில் நகைச்சுவை நடிகர் ராமர் அந்த மேடம்போலப் புடவை கட்டிக்கொண்டு, 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்று இழுத்த இழுப்பில் தமிழ்நாடே சிரித்தது. 2016-ல் 'ரஜினிமுருகன்' படத்தில் அதையே பாட்டாகவும் போட்டுவிட்டார்கள். லட்சுமி ராமகிருஷ்ணனுக்கு இந்தக் கேலி பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். 2017-ல் திரைக்கு வந்த 'அருவி', இதே மாதிரி ஒரு நிகழ்ச்சியின் அரங்கத்துக்குள் நம்மை உட்காரவைத்து, அழுகை எப்படித் தயாராகிறது என்று காட்டியது. அந்தப் படத்தைப் பெரியம்மாவும் பார்த்தார். "எல்லாம் நெசந்தான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டு மறுநாள் பதினோரு மணிக்கு ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பார்க்கிறார் என்பதற்கு அவரே ஒருநாள் காரணம் சொன்னார். "எங்க ஊர்ல பஞ்சாயத்து கோயில் திண்ணையிலதான் நடக்கும். ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க. வழக்கு எங்களப் பத்தி. ஆனா நாங்க செவுத்து ஓரமா நின்னு கேக்கணும், வாயத் தொறக்கக் கூடாது. இங்க பாரு, பொம்பள உக்காந்திருக்கா, ஆம்பள கையக் கட்டிட்டுப் பதில் சொல்றான்." 1994-ல் 'நாட்டாமை' படத்தைத் தியேட்டரில் பார்த்தபோதும் இதையேதான் நினைத்தாராம்: தீர்ப்பெல்லாம் சரி, ஒரு பொம்பளையையும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லையே. ஐம்பது வருடம் சுவரோரம் நின்றவர் சேர்த்துவைத்த வாயைத்தான் இப்போது தினம் கொஞ்சம் செலவழிக்கிறார் என்று புரிந்தது. அதற்குப் பிறகு நான் ரிமோட்டைக் கேட்பதில்லை.

வீட்டு வேலைக்கு வரும் சரசு மட்டும் உட்கார மாட்டாள். துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றபடி பார்ப்பாள். புடவை, நாத்தனார், மாமியார் எதிலும் அவளுக்கு ருசியில்லை. எல்லா வழக்கிலும் ஒரே கேள்விதான்: "இதுங்க ரெண்டும் இங்க வந்து கத்துதுங்களே, அந்தப் புள்ளைங்கள எங்க விட்டுட்டு வந்துச்சுங்க?" நான் கேட்ட வரையில் அந்த ஹாலில் எழுந்த ஒரே சட்டக் கேள்வி அதுதான். குடும்பத்து அந்தரங்கம் இப்படிச் சந்திக்கு வருவதைப் பற்றிய வழக்கில் 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடையே விதித்தது. பெரியம்மா அந்த உத்தரவை மதிக்கவில்லை. யூடியூபுக்குத் தடை இல்லையாம்.

ஒருநாள் சரசு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எந் தங்கச்சிய அவ வீட்டுக்காரன் வெளிய அனுப்பிட்டான். இந்த டிவிக்கு எப்பிடிம்மா போறது?" சபை அமைதியானது. தினமும் தீர்ப்பு எழுதுகிறவர்கள் மூன்று பேர் இருந்தும், நிஜ வழக்கு ஒன்று வாசற்படியில் வந்து நின்றதும் யாருக்கும் வாய் வரவில்லை. அப்புறம் பெரியம்மாதான் பேசினார். "டிவிக்குப் போவாத. அவங்க ஒரு மணி நேரம் கேப்பாங்க. ஊரு ஆயுசுக்கும் பேசும்."

டிவிக்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேஷனில் சமாதானமாகப் போங்கள் என்கிறார்கள், கோர்ட்டில் தேதி சொல்கிறார்கள், பிறந்த வீட்டில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறார்கள். முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க மேடத்தைத் தவிர ஆள் இல்லை. ஆனால் வேறு கதவுகளும் இருக்கின்றன. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கின்றன. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கான உதவி எண் 181. மனைவி இரண்டு எண்களையும் காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தாள். சரசுவின் தங்கை இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி மையத்துக்குப் போய்வருகிறாள். அந்த வழக்கைப் பற்றி மட்டும் எங்கள் ஹாலில் யாரும் கருத்து சொல்வதில்லை. பெரியம்மாவின் உத்தரவு.

மற்ற வழக்குகள் வழக்கம்போல் நடக்கின்றன. ஆகவே எங்கள் வீட்டுக்கு வர நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடுமானவரை பதினோரு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். பிந்தி வந்தால், கணவன் கட்சியா மனைவி கட்சியா என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். காபியா, வெறும் தண்ணீரா என்பது அதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் சாயங்காலம் வரவும்.