கோட்டைத் தாண்டிய கோட்டை

கேள்வி: அமெரிக்காவில் பார்க்கும்படியாகக் கோட்டை ஏதாவது உண்டா? (வாசகர், வேலூர்)

அகழியோடு கோட்டை வைத்திருக்கும் ஊர்க்காரர் கேட்கிறீர்கள்; உங்களை அசத்துவது கஷ்டம். சிரிக்க ஒன்று சொல்கிறேன். கனடாவிலிருந்து பிரிட்டிஷ்காரன் மறுபடி இறங்கிவிடுவானோ என்று பயந்து, 1816இல் சாம்ப்ளேன் ஏரியின் வடகோடியில் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பிய பிறகு எல்லையை ஒழுங்காக அளந்தால், கோட்டை நிற்பதே கனடா மண்ணில்! பழைய சர்வேயர்கள் இழுத்த கோடு பிசகு. கோட்டைத் தாண்டிக் கோட்டை கட்டிய புண்ணியவான்கள் போட்டது போட்டபடி கிளம்ப, அக்கம்பக்கத்து ஜனங்கள் கல்லையும் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1842இல் ஒப்பந்தம் போட்டு, அந்தத் தப்புக் கோட்டையே எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் அங்கேயே மாண்ட்கோமரி கோட்டை எழும்பியது. ஆனால் 'ஃபோர்ட் பிளண்டர்' என்று ஊர் வைத்த பட்டப்பெயர் போகவில்லை.

கேள்வி: அரசாங்கப் பட்டாளம் இருக்க, தன்னார்வப் படை எதற்கு? (வாசகர், தேனி)

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்த 1861இல் அரசாங்கப் பட்டாளமே சுமார் 16,000 பேர்தான். ஜனாதிபதி லிங்கன் 75,000 பேரைக் கேட்டார், 90 நாளுக்கு. போர் நடந்தது நான்கு வருஷம். பல ரெஜிமென்ட்களில் கேப்டனைச் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவனைக் காலையில் எழுப்பிக் கவாத்து வாங்குவது எவ்வளவு தர்மசங்கடம், பாருங்கள்!

கேள்வி: குதிரை இல்லாத குதிரைப்படை உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

உண்டு. 1898, ஸ்பெயினோடு போர். கடற்படைத் துறையில் உயர் பதவியில் இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதை உதறிவிட்டு 'ரஃப் ரைடர்ஸ்' தன்னார்வக் குதிரைப்படையில் சேர்ந்தார். மாடு மேய்க்கும் கௌபாய்களும் பெரிய கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில். டாம்பா துறைமுகத்துக்கு வந்தால் கப்பலில் இடமில்லை. அதிகாரிகளின் சில குதிரைகள் மட்டும் ஏறின. மற்றவை கரையிலேயே நின்றுவிட்டன. கியூபாவில் குதிரைப்படை, கால்நடைப்படை ஆனது. சான் யுவான் குன்றுகளில் அவர்கள் ஏறியது நடந்துதான். ரூஸ்வெல்ட்டுக்குக் குதிரை இருந்தது. மூன்றே வருஷத்தில் அவர் ஜனாதிபதி!

கேள்வி: சம்பளம் வேண்டாம் என்ற சிப்பாய் உண்டா? (வாசகர், சிவகாசி)

ஒரு ரெஜிமென்ட்டே உண்டு. இதில் கிண்டலுக்கு இடமில்லை. உள்நாட்டுப் போரில் லிங்கன் பக்கம் நின்ற மாசசூசெட்ஸ் 54ஆவது ரெஜிமென்ட், கறுப்பினத் தன்னார்வலர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர்; இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். வாங்க மறுத்தார்கள். வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று பின்னால் மாநிலமே முன்வந்தபோதும் மறுத்தார்கள். சம்பளம் கைக்கு வராமலேதான் 1863 ஜூலை 18 அன்று தெற்கத்தியரின் வாக்னர் கோட்டை மீது பாய்ந்தார்கள். அவர்களை நடத்திச் சென்ற கர்னல் ஷா அங்கேயே விழுந்தார். குண்டடி பட்டும் கொடியைத் தரையில் விடாத வில்லியம் கார்னிக்குப் பதக்கம் வந்தது 1900இல். சமச் சம்பளச் சட்டம் 1864இல் வந்தது.

கேள்வி: அங்கேயும் பெயர் மாற்றுவார்களா? (வாசகர், சென்னை)

பேஷாக! வட கரோலினாவின் பிராக் கோட்டைக்கு, உள்நாட்டுப் போரில் அமெரிக்காவை எதிர்த்தே போரிட்ட தெற்கத்தித் தளபதி பிராக்கின் பெயர் இருந்தது. 2023இல் அதை நீக்கி 'லிபர்ட்டி' என்றார்கள். 2025இல் மறுபடி 'பிராக்'. ஆனால் இந்தப் பெயருக்குரியவர் வேறு பிராக், இரண்டாம் உலகப் போர் வீரர். பழைய பெயர்ப்பலகையைப் பரணில் போட்டு வைத்தவர் பிழைத்தார்.