கம்பியில் தொங்கிக் காடு பார்த்தல்

மழைக்காட்டின் உயிர்களில் பெரும்பங்கு தரையில் வசிப்பதில்லை. மரவுச்சிகள் ஒன்றோடொன்று கோத்துக் கூரை போட்ட இடத்தில் வசிக்கிறது. அங்கே ஏற வழி தெரியாமல் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் கழுத்து வலியோடு அண்ணாந்தே பார்த்தார்கள். 1970களில் டொனால்ட் பெர்ரி என்ற அமெரிக்க உயிரியலாளர், கோஸ்டா ரிக்காவின் லா செல்வா காட்டில், குறுக்குவில்லால் கிளைகளுக்கு மேல் நூலை எய்து, அதைக்கொண்டு கயிற்றை ஏற்றி, மேலே போய்த் தொங்கினார். அசையாமல் தொங்கியபடி பூவையும் பூச்சியையும் கவனிப்பது அவர் நோக்கம். 1990களில் அதே நாட்டின் சுற்றுலாத் தொழில் கயிற்றை எஃகுக் கம்பியாக மாற்றி, கப்பி மாட்டி, சரிவும் கொடுத்தது. அசையாமல் கவனிக்கும் பகுதி மட்டும் விட்டுப்போயிற்று. மிஞ்சியதற்கு ஜிப்லைன் என்று பெயர்.

இத்தொழில் செழித்த ஊர் மான்டேவெர்டே. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், மேகம் தெருவிலேயே நடமாடும் மலையூர். 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. போரையும் கட்டாயப் படைச்சேர்க்கையையும் ஏற்காதவர்கள், 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாட்டைத் தேடிப்பிடித்ததில் வியப்பில்லை. மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள், ஓடைகளுக்கு நீர் தரும் மேட்டுக்காட்டை வெட்டாமல் விட்டார்கள். 1972இல் அப்பகுதியில் காப்புக்காடு அமைந்தது. மௌனமாக அமர்ந்து வழிபடுகிறவர்கள் வாழ்ந்த ஊரின் ஓரத்தில்தான் இன்று ‘ஐயோ’ என்பதைப் பல மொழிகளில் கேட்க முடிகிறது.

சவாரி ஒரு படிவத்தில் தொடங்கும். எது நேர்ந்தாலும் நடத்துபவர் பொறுப்பல்ல என்பதைப் பல பத்திகளில் விரித்து எழுதியிருக்கும். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பவர்கூட இதைப் படிக்காமலே கையெழுத்திடுவார். படித்தால் கட்டிய பணம் வீணாகிவிடும். அடுத்து ஹெல்மெட், பிறகு இடுப்பையும் தொடைகளையும் சேர்த்து இறுக்கும் வார்ப்பட்டை. அதைப் பூட்டியபின் எவ்வளவு கம்பீரமானவரும் காலை அகட்டித்தான் நடந்தாக வேண்டும். தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளைக்கும் இதில் விலக்கு இல்லை.

பழைய முறையில் பிரேக் என்பது பயணியின் கைதான். தடித்த தோல் கையுறை போட்ட கையைக் கப்பிக்குப் பின்னால் கம்பிமேல் வைத்து அழுத்த வேண்டும். முன்னால் வைத்தால் சக்கரம் விரலில் ஏறும். பாடம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பயந்துபோன மனிதன் பாடத்தையா பிடிப்பான்? கண்ணெதிரே இருப்பதைப் பிடிப்பான். அதனால்தானோ என்னவோ, பல இடங்களில் இப்போது மேடைமுனையிலேயே பிரேக் அமைத்து, அதைக் கைடின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

மேடையில் ஒரு கொக்கியைக் கழற்றுமுன் இன்னொன்றை மாட்டிவிடுவது விதி. ஆகவே விழ வழியில்லை. இது மூளைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியாது. ‘எனக்கும் இன்றுதான் முதல் நாள்’ என்று கைடு அடிக்கும் ஜோக் முழங்காலைத்தான் போய்ச் சேரும்.

சரிவில் எடை இழுக்கிறது, காற்று தடுக்கிறது. எடை கூடும் அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை என்பதால் பருத்தவர் வேகமாகப் போவார். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஒருமுறையும் ஜெயிக்காதவருக்கு இயற்பியல் தரும் ஈடு இது. எதிர்மரத்தில் சுற்றியிருக்கும் மெத்தையும் அவரை எண்ணித்தான். ஒல்லியானவரின் சங்கடம் வேறு. கம்பி நடுவில் தொய்ந்து, முடிவில் சற்று மேலேறும். எடை போதாதவரும், பயத்தில் முன்கூட்டியே பிரேக் போட்டவரும் மேடைக்குச் சில மீட்டர் முன்பே நின்று, பின்னோக்கி வழுக்கி, கொடியில் எடுக்க மறந்த ஈரப் போர்வையைப்போல் தொங்குவார்கள். அப்போது முதுகுப்பக்கமாகத் திரும்பி, கைமாற்றிக் கைமாற்றிக் கம்பியைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள வேண்டும். இதுவும் பாடத்தில் இருந்தது. யாருக்கும் நினைவிருக்காது என்பதால் கைடே கம்பியில் வந்து அழைத்துப்போவார்.

எப்போது பிரேக் போட வேண்டும் என்பதை எதிர்மேடைக் கைடு கையசைத்துக் காட்டுவார். வேகமாக வருகிறவருக்கு அது வரவேற்பாகத் தோன்றும். மரியாதை தெரிந்தவர் பதிலுக்குக் கையசைப்பார். பிரேக்கும் அந்தக் கைதான்.

இதற்கிடையே காடு என்ற ஒன்றும் உண்டு. குவெட்சால் என்ற பச்சைப் பறவையில் ஆணின் வால் இறகு ஒரு மீட்டர்வரை நீளும். அது கிளையில் சிலையாக அமர்ந்திருக்கும். ஸ்லாத் என்ற விலங்கோ மலம் கழிக்க வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தரையிறங்கும். இரண்டையும் நின்று நிதானமாகத் தேடினால்தான் காண முடியும். கம்பியில் போனவர் காடு பச்சையாக இருந்தது என்று சாட்சி சொல்வார், அதுவும் கண் திறந்திருந்தால். ஊளைக்குரங்கின் குரல் சில கிலோமீட்டர் தூரம் கேட்கும் என்பார்கள். கம்பிப் பாதையருகே அதைக் கேட்டதாகச் சொல்பவர், தமக்கு முன்னால் புறப்பட்டவரை விசாரிப்பது நல்லது.

கடைசியில் ‘சூப்பர்மேன்’. முதுகில் கொக்கி மாட்டி, குப்புறக் கிடந்தபடி, சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கம்பியில் பள்ளத்தாக்கைக் கடப்பது. மேகம் கவிந்த நாளில் பள்ளத்தாக்கு தெரியாது. பயம் பாதியாகக் குறையும், கட்டணம் குறையாது.

இறங்குமிடத்தில் படக்கடை இருக்கும். மேடைகளிலிருந்து எடுத்த படங்கள் திரையில் வரும்: வாய் திறந்து, கண் மூடிய ஒரு முகம், பின்னால் பாசி படர்ந்த மரங்கள், துல்லியமாக. விலையைக் கேட்டு முணுமுணுத்தாலும் பலர் வாங்கிவிடுகிறார்கள். கடந்து வந்த மரங்கள் எப்படி இருந்தன என்று அவர்கள் அறிய வேறு வழியில்லை.