ஜோடி பிரிக்காதவர்

மற்ற வீடுகளில் செருப்பு ஸ்டாண்டு வாசலோடு நின்றுவிடும். இவர் வீட்டில் அது வாசலில் தொடங்கி, மாடிப்படிக்கு அடியில் புகுந்து, பரணில் போய்த்தான் முடியும். எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். உங்கள் தெருவில் இல்லையென்றால், உங்கள் பரணை ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டலில் பில்லைப் பிடுங்கிக் காசு கொடுக்கும் முதல் ஆள் அவர்தான். வருஷத்துக்கு ஒரு ஜோடி புதிதாகவும் வாங்குவார். ஆனால் போட மாட்டார். பழசு இருக்கும்போது புதுசை எதற்குத் தேய்ப்பது?

அவருடைய நிர்வாகத்தில் செருப்புக்குப் பதவி இறக்கம் உண்டு, ஓய்வு கிடையாது. அலுவலகம் போய்வந்த தோல் செருப்பில் முதல் தையல் விழுந்ததும் காய்கறிக் கடைக்கு மாற்றல். குதிகால் தேய்ந்து ஒருக்களித்ததும் மொட்டை மாடி. வாய் பிளந்தால் கொல்லைப்புறம். அதற்கும் லாயக்கில்லை என்று வீடே ஒருமனதாகச் சொன்னபிறகு, “மழைக்கு ஆகும்” என்று பணி நீட்டிப்பு. நல்ல செருப்பு நனையக்கூடாதல்லவா!

ஹவாய் செருப்பு விஷயத்தில் இன்னும் கெட்டி. முன்பக்கக் குமிழ் ஓட்டையைவிட்டு வெளியே வந்தால் அடியில் ஒரு ஊக்கு. ஊக்கு குத்தினால் புது வார். வார் நன்றாக இருந்து அடிப்பாகம் தேய்ந்துபோனால், அளவு பார்த்து வேறொரு பழைய செருப்பின் அடிப்பாகம். எல்லாம் மாறிய பிறகும், “2009ல வாங்கினது, இன்னும் அப்படியே இருக்கு பார்” என்பார். பேருந்து நிலையத்தில் செருப்புத் தைப்பவர் இவரைத் தூரத்தில் பார்த்தாலே பெருமூச்சு விடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: “சார், இதுல நூல் இருக்கு. தோல் எங்க சார் இருக்கு?”

மனைவி பேச்சை எடுத்தால் இதிகாசம் இறங்கும். “பாதுகையை வச்சு பரதன் 14 வருஷம் ராஜ்யத்தையே நடத்தினான்.”

“அது ராமர் போட்டதுங்க. இது நீங்க போட்டது.”

பிலிப்பைன்ஸின் இமெல்டா மார்கோஸையும் துணைக்கு இழுத்துப் பார்த்தார். 1986இல் அந்த அம்மாள் நாட்டைவிட்டு ஓடியபோது அரண்மனையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜோடிகள் கிடந்தன. அதில் ஒரு பகுதியை 2001இல் மரிக்கினா நகரில் அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள். வாதம் எடுபடவில்லை. அங்கே இருந்த செருப்பில் யாரும் ஊக்குக் குத்தவில்லை.

பொத்திப் பொத்தி வைத்த புது ஷூ ஒன்றுதான் அவரை நடுச்சபையில் கைவிட்டது. பெட்டி பிரிக்காமல், அந்துருண்டை போட்டு, பத்து வருஷம் பரணில் காத்தது. மகள் கல்யாண வரவேற்புக்கு அதை மாட்டிக்கொண்டு மண்டபத்தில் கம்பீரமாக நடந்தார். பின்னாலேயே சிவப்புக் கம்பளத்தில் கருப்புத் தூள் உதிர்ந்துகொண்டு வந்தது. மேடை ஏறும்போது ஒரு காலில் அடிப்பாகமே இல்லை. கடைக்காரர்கள் ‘பியூ’ என்கிற பாலியூரித்தேன் அடிப்பாகம் அது. காற்றிலுள்ள ஈரம் பட்டு, போடாமலே வைத்திருந்தாலும் உள்ளுக்குள் இற்றுப்போகும். நம் கடலோரப் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்துருண்டை பூச்சியை விரட்டும். ஈரத்துக்கு என்ன செய்யும்? “போடவே இல்லையே!” என்று அவர் புலம்பியதைச் சம்பந்தி வீட்டார் வேறு எதையோ பற்றியதாக நினைத்துக்கொண்டு, நகைப் பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம்.

போகிக்கு எப்படியும் கழித்துவிடலாம் என்று வீட்டில் நம்பினார்கள். ரப்பர், டயர், பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்வதை ஊரில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒரே குடிமகன் இவர்தான். நாளிதழில் வந்த அறிவிப்பை வெட்டி ஸ்டாண்டின் மேலேயே ஒட்டிவிட்டார்.

கோயிலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்பார்களே, அதையும் முயன்று பார்த்தாள் மனைவி. சனிக்கிழமை, பெருமாள் கோயில், சரியான கூட்டம். டோக்கன் போடாமல் வாசலோரம் விடச் சொன்னாள். தரிசனம் முடிந்து வந்தால் சுற்றிலும் பாதிச் செருப்பைக் காணவில்லை. இவருடையது மட்டும் பத்திரமாக இருந்தது. கவனிக்காததுபோல் அவரைத் தள்ளிக்கொண்டு நடந்தவளைப் பூக்காரம்மா விடவில்லை. “ஐயா, செருப்ப மறந்துட்டுப் போறீங்களே!” என்று கையில் எடுத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

கடைசியில் எதிர்வீட்டுக்காரர் ரூபத்தில் விடிவு வந்தது. புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். திருஷ்டிக்குச் சாரத்தில் கட்ட ஒரு பழைய செருப்பு வேண்டுமென்று கேட்டு வந்தார். “ஒண்ணு போதும்ணே.” அந்த ‘ஒண்ணு’தான் இவருக்கு உறுத்தியது. இரண்டு நாள் யோசித்து, மனைவி முறைத்த முறைப்பில், ஒரு இடதுகால் செருப்பை எடுத்துக் கொடுத்தார். வலதுகால் பரணுக்குப் போயிற்று.

கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டார், மொய் எழுதினார், தாம்பூலப் பை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, எதிர்வீட்டுக்காரரை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

“வீடு நல்லபடியா முடிஞ்சிருச்சு, சந்தோஷம் தம்பி. இனிமே கண்ணு படாது. அந்த இடதுகாலை அவுத்துக் குடுத்துட்டா…”