மதிலுக்கு உள்ளே ஊதும் சங்கு

அத்திப்பட்டில் நான் வளர்ந்த காலத்தில் சங்கு என்றால் நேரம். எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு, தெற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி எங்கள் தெருவரைக்கும் வந்துவிடும். அப்பா அங்கே ஓர் ஆலையில் வேலை பார்த்தார். அம்மா உலை வைப்பது மதியச் சங்கைக் கேட்டுத்தான். உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களிடம் கைக்கடிகாரம் கிடையாது. சங்கு கேட்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கஞ்சித் தூக்கைத் திறப்பார்கள்.

வேளை தவறி அது ஊதிய ஒரு பிற்பகல் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தவர்கள் உண்டு. யார் வீட்டு ஆம்பளை எந்த ஷிப்டில் இருக்கிறார் என்று திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். உள்ளே தீ பிடித்து, சீக்கிரமே அணைந்துவிட்டதாகச் சாயங்காலம் சைக்கிளில் திரும்பியவர்கள் சொன்னார்கள். அந்தச் சங்கு யாரையும் எச்சரிக்க வைத்தது அல்ல. இருந்தும் ஊரை எச்சரித்தது. நாள் தவறாமல் ஒரே நேரத்தில் ஊதிக்கொண்டிருந்ததால், நேரம் மாறியதும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் அந்த மதிலுக்கு உள்ளே இருந்தார் என்பதும் காரணம்.

இன்று எங்களைச் சுற்றி எத்தனை மதில்கள்! வடசென்னை அனல் மின் நிலையம் 1994இல் மின்சாரம் தரத் தொடங்கியது. காமராஜர் துறைமுகம் 2001இல் வந்தது. பிறகு வல்லூர் அனல் மின் நிலையம், பெட்ரோல் டீசல் டெர்மினல்கள், சமையல் கேஸ் முனையம், 2019இல் எல்.என்.ஜி. முனையம். உப்பளங்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்கு அடியில் போயின. இந்த வளாகங்களில் சங்கு இல்லாத இடமே இல்லை. சட்டப்படி வைத்திருக்கிறார்கள், ஊதிப் பார்க்கிறார்கள். முன்பு ஒரு சங்கைக் கேட்டு ஊர் முழுக்க வெளியே வந்தது. இப்போது ஐந்தாறு சங்கு கேட்டும் யாரும் அசைவதில்லை.

"என்னம்மா, சங்கு ஊதுது?"

"இன்னிக்கு என்ன கெழம? டெஸ்டிங்கா இருக்கும், போடா."

எங்கள் தெருவில் தினம் கேட்கிற பேச்சு இது. பெரும்பாலான நாட்களில் அந்த அம்மா சொல்வது சரியாகவே இருக்கும். எனக்குப் பயம் அதில்தான்.

ஒரு டெர்மினலில் சில காலம் ஒப்பந்த வேலை பார்த்தேன். தீயணைப்பு பம்ப் அறையின் ஓரத்தில் கையால் சுற்றும் சங்கு ஒன்று முக்காலியில் நின்றிருந்தது, கரண்ட் போனால் பயன்படுத்த. சிவப்பு பெயின்ட் அடித்த உருளை. உள்ளே ஒரு சக்கரம், அதைச் சுற்றி அசையாத உறை, இரண்டிலும் சின்னச் சின்னத் திறப்புகள். சக்கரம் சுழலும்போது திறப்பும் திறப்பும் சந்திக்கும்போதெல்லாம் காற்று வெட்டுப்பட்டு வெளியே வரும். மெதுவாகச் சுற்றினால் முனகல். வேகம் பிடிக்கப் பிடிக்க ஓலம். கையை எடுத்துவிட்டால் சக்கரம் தளரத் தளர ஓசையும் கீழே இறங்கிவிடும். மோட்டார் வைத்த பெரிய சங்கும் இதே வேலைதான் செய்கிறது. ஏறி இறங்கும் ஓலம் வேண்டுமென்றால் கரண்டை விட்டுவிட்டு நிறுத்துவார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. சிறிய தீ என்றால் சங்கு கிடையாது. பெரிய தீ என்றால் ஏறி இறங்கும் சங்கு, இரண்டு நிமிடம். பேரிடர் என்றால் அதே சங்கு, இடைவெளி விட்டு மூன்று முறை. ஆபத்து நீங்கிவிட்டது என்றால் இறக்கமில்லாமல் நேராக இரண்டு நிமிடம். வாராந்திரச் சோதனைக்கும் அதே நேரான இரண்டு நிமிடம். நாட்டின் எண்ணெய் டெர்மினல்கள் பின்பற்றும் முறை இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பலகை. உள்பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம், அதே ஓசை காதில் விழுகிற தூரத்தில், எங்கள் வீடுகளும் அங்கன்வாடியும் இருந்தன. அந்த ஐந்து வரியை அங்கே யாருக்கும் யாரும் சொன்னதில்லை.

சங்கு யாருக்காக என்ற கேள்வியை இந்த நாடு ஒருமுறை மிகக் கொடூரமாக எதிர்கொண்டது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, ஊருக்குக் கேட்கும் சங்கு சற்று நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. சின்னக் கசிவுகளுக்கெல்லாம் அக்கம்பக்கத்தார் பதறக்கூடாது என்ற நடைமுறை அங்கே இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கான சங்கு மட்டும் தொடர்ந்தது. மக்களுக்கான பெரிய சங்கு மறுபடி ஊதியபோது, தெருக்களில் சனங்கள் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தார்கள். பதற்றத்துக்குப் பயந்து ஓசையை அடக்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தமும், 1989இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகளும் வந்தன. அந்த 1989 விதிகளைப் படித்துப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. ஆலைக்கு வெளியே, மாவட்ட அளவிலான திட்டத்துக்கு வருடம் ஒருமுறையாவது ஒத்திகை. 15ஆம் விதி இன்னும் நேரடியானது. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு, ஆபத்து என்ன மாதிரியானது, அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஆலைக்காரர்கள் தலையில் சட்டமே வைத்திருக்கிறது. என் வாழ்நாளில் அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூட எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை.

2020 மே 7 விடிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஆலையில் சங்கு இருந்தது. அது ஊதப்படவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு சொன்னது. போபால் முடிந்து முப்பத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன.

எங்கள் முறை 2023 டிசம்பர் 26 இரவு வந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அதே தேதியில்தான் இந்தக் கரையைச் சுனாமி தாக்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில், கரைக்கு அருகே கசிவு. நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து மக்களை எழுப்பியது மூக்கும் தொண்டையும்தான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலருகே அளந்தபோது காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு 400.

அந்த இரவைப் பற்றி நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வேறொன்று. அங்கிருந்து தப்பியவர்கள் பலர் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்துதான் தப்பினார்கள். அமோனியா என்பதால் அது உதவியது. எங்கள் பக்கம் சமையல் கேஸ் கசிந்து, அதே மாதிரி ஐம்பது பேர் பைக்கை உதைத்தால்? கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். ஒரு பொறி போதும். அமோனியாவுக்கு ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். வழியில்லை என்றால் கதவு சன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். கேஸுக்கு அடுப்பு, சுவிட்ச், வண்டி எதையும் தொடாமல் மேட்டுப் பக்கம் நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஊதுவது ஒரே சங்கு. என்ன கசிந்தது, காற்று எந்தப் பக்கம் என்று அதனால் சொல்ல முடியாது. மனிதக் குரல் சொல்ல வேண்டும், தமிழில், ஒலிபெருக்கியில். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் எங்கள் ஊரில் எந்த மூலைக்கும் கேட்கும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

காற்றைச் சொல்லும் கருவியும் எங்கள் கண்முன்னேதான் இருக்கிறது. டெர்மினல்களுக்குள் உயரக் கம்பத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிப்பை ஒன்று பறக்கும். ரயிலில் அத்திப்பட்டு புதுநகரைத் தாண்டும்போது பார்த்திருப்பீர்கள். பை நீட்டும் பக்கம்தான் வாயுவும் போகும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் அதைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதும், மறப்பதில்லை. பெரியவர்களுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

2025 மே 7 அன்று மத்திய உள்துறை சொல்லி நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். 1942இல் ஜப்பான் விமானத்துக்குப் பயந்து மதராஸ் காலியான கதையை டிவியில் மறுபடி சொன்னார்கள். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒத்திகை வேண்டியதுதான். எங்களுக்கு ஆபத்து மதிலுக்கு அந்தப் பக்கம், இருநூறு முந்நூறு மீட்டரில், ராத்திரி பகலாக விளக்கெரிய நிற்கிறது. இந்த வளாகங்களில் ஒத்திகை நடக்கும்போது ஊர்க்காரர்களையும் அழையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஊராட்சித் தலைவர், பள்ளிக்கூட டீச்சர், அங்கன்வாடி அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், மகளிர் குழுவினர் என்று இருபது பேர் வந்தாலே போதும். எல்லா ஆலைகளும் பேசிவைத்துக்கொண்டு சோதனைச் சங்கை வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் ஊதட்டும். மற்ற எந்த நேரத்தில் ஊதினாலும் அது நிஜம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் அம்மா காலத்துச் சங்கு அப்படித்தான் வேலை செய்தது.

கேட்டின் உள்பக்கத்துப் பலகையில் இருக்கும் ஐந்து வரியை ரேஷன் கடைச் சுவரில் எழுத ஒரு டப்பா பெயின்ட் ஆகும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். நகல் ஒன்று மாவட்ட ஆட்சியருக்கும், இன்னொன்று தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் போகிறது. 15ஆம் விதியைத் தமிழில் எழுதி முதல் பக்கத்திலேயே இணைத்திருக்கிறோம்.