டேஷ்போர்டு தம்பி

திருப்பூரில் நடுத்தரமான பனியன் ஏற்றுமதிக் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும் கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், பேக்கிங் சூப்பர்வைசர் என்ற வரிசைக்குள் அடங்காத ஓர் இளைஞர் இருப்பார். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ அக்கவுண்ட்ஸ் அசிஸ்டண்டாகத்தான். யூடியூபில் ஒரு வீடியோ பார்த்த இரவிலிருந்து அவர் டேஷ்போர்டு தம்பி.

முதலாளியிடம் அவர் எடுத்த எடுப்பில் சொல்வது, "பவர் பிஐங்ணா. ஃப்ரீங்ணா." இந்த இரண்டாவது சொல்லுக்குத் திறக்காத கேபின் கதவு ஊரில் இல்லை. பொய்யும் இல்லை, எண்களைப் படமாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ டெஸ்க்டாப் 2015 முதல் இலவசமாகத்தான் கிடைக்கிறது. எது இலவசமில்லை என்பது பின்னால் வரும்.

இன்ஸ்டால் செய்கிற அன்று தம்பியின் சட்டை இஸ்திரி போட்டிருக்கும். கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அது கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரிடம் இருக்கும். கடைக்காரர் ஃபோனை எடுக்கமாட்டார். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கினால் இந்தத் தொல்லையே கிடையாது, மாதாமாதம் வரும் புது வெர்ஷனும் தானாகவே ஏறிக்கொள்ளும். தம்பிக்கு இது தெரியும். பாஸ்வேர்டு வாங்கிப் போட்டால்தான் சாஃப்ட்வேருக்கு மரியாதை என்பது அவர் கட்சி. பட்டை ஓடி முடியும்வரை மவுஸை யாரும் தொடக் கூடாது. பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் எடுக்க வந்தவரும் கைகட்டி நிற்கத்தான் வேண்டும். நடுவில் முதலாளியின் மகன் மேக் லேப்டாப்பை நீட்டி, "இதுலயும் போட்டுக் குடுங்க" என்பார். "இது விண்டோஸ்ல மட்டுந்தாங்க ஓடும்" என்று பதில் சொல்லும்போது தம்பியின் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும். போனஸ் நாளில்கூட அதைப் பார்க்க முடியாது.

அடுத்தது டேட்டா. டேட்டா என்றால் அக்கவுண்ட்ஸ் அக்காவின் எக்செல் ஷீட். அதில் சிவப்பு அடித்தால் சரக்கு தாமதம், மஞ்சள் அடித்தால் பணம் பாக்கி, பச்சை அடித்தால் என்னவென்று அக்காவுக்கு மட்டும் தெரியும். பவர் பிஐக்கு நிறமெல்லாம் கண்ணில் படாது. அக்கா பத்து வரிகளை மெர்ஜ் செய்து நடுவில் அழகாக எழுதிய பையர் பெயரை அது முதல் வரிக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதி ஒன்பதிலும் 'நல்', அதாவது காலி, என்று எழுதிவைக்கும். தேதி விஷயம் இன்னும் மோசம். அமெரிக்கக் கணக்கில் மாதம் முன்னால், நாள் பின்னால். செட்டிங்கில் இந்தியாவுக்கு மாற்றாமல் விட்டால் ஏப்ரல் 5-ஆம் தேதி போன சரக்கு மே 4-ஆம் தேதிக்கு ஒத்திப்போகும். 13-ஆம் தேதியிலிருந்து போனதெல்லாம் 'எரர்'. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கம்பெனி ஓடியது என்று டேஷ்போர்டு சத்தியம் செய்யும். தம்பியும் கூடவே செய்வார்.

அவருடைய உயிர் ஸ்பீடோமீட்டரில் இருக்கிறது. உற்பத்தியைக் காட்ட அரைவட்டத்தில் ஒரு மானி. அதற்கு உச்ச அளவு இவ்வளவு என்று நாம் சொல்லாவிட்டால், இருக்கிற எண்ணை இரட்டிப்பாக்கி அதையே உச்சமாக வைத்துக்கொள்ளும். ஆகவே ஆயிரம் பீஸ் தைத்தாலும் லட்சம் பீஸ் தைத்தாலும் நிறம் சரிபாதியில்தான் நிற்கும். "பாதிதான் ஆயிருக்கா?" என்று முதலாளி சூப்பர்வைசரைப் பிடிப்பார். பாவம், அவர் அன்றைக்கு நைட் ஷிப்டும் ஓட்டி ஆர்டரையே முடித்திருப்பார்.

ஒருநாள் திரை முழுக்க மஞ்சள் எச்சரிக்கை வரும். தம்பி சர்வர், நெட், ஆன்டிவைரஸ் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு மத்தியானம் வரை தேடுவார். அக்கா 'ஏப்ரல் ஃபைனல்' என்ற ஃபைலை 'ஏப்ரல் ஃபைனல் நியூ' என்று மாற்றியிருப்பார், அவ்வளவுதான். பழைய பெயரில் ஃபைலைத் தேடிக் காணாத சாஃப்ட்வேர் வேறென்ன செய்யும்?

இலவசமில்லாதது இப்போது வருகிறது. தம்பியின் கம்ப்யூட்டரில் பார்க்கக் காசு வேண்டாம். ஆன்லைனில் ஏற்றி மற்றவர்களோடு முறையாகப் பகிர, ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. அதற்குமுன் கம்பெனி பெயரில் மெயில் ஐடி வேண்டும், ஜிமெயிலை ஏற்காது. கோடிக்கணக்கில் டாலர் வியாபாரம் ஜிமெயிலிலேயே நடக்கிற ஊர் இது. சந்தா என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளி, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு" என்பார். தம்பி சளைக்கமாட்டார். தினமும் காலையில் டேஷ்போர்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். முதலாளி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் போடுவார்.

"அம்மிணி, ஜெர்மன்காரன் சரக்கு தூத்துக்குடிக்கு எப்பப் போகுது?"

"வியாழக்கிழமைங்க. நாப்பது பெட்டி பாக்கிங்க."

உங்கள் கம்பெனியில் இப்படி ஒரு தம்பி இருந்தால் தடுக்காதீர்கள். தடுத்தாலும் நிற்கமாட்டார், இனிமேல் இவர் இல்லாத ஆபீஸும் இருக்காது. ஆனால் அவர் "ஃப்ரீங்ணா" என்று வாயைத் திறப்பதற்கு முன், அக்காவின் எக்செல்லை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.