ஒன்பது வாசல் கார்

காரைக்கால் பக்கத்தில் இருக்கும் எங்கள் போலகம் சின்ன ஊர்தான். ஆனால் மின் நிலையம் வைத்திருக்கிற ஊர். 2000ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய எரிவாயு மின் நிலையம் அது, 32.5 மெகாவாட். வீட்டு 15 ஆம்ப்ஸ் பிளக்கில் ஒரு மின்சாரக் கார் இழுப்பது சுமார் 3.3 கிலோவாட். வகுத்துப் பார்த்தால், நாங்கள் மனது வைத்து ஒரே நேரத்தில் ஏறக்குறையப் பத்தாயிரம் கார்களுக்குச் சார்ஜ் போடலாம். காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து என் மச்சினன் ஓட்டிக்கொண்டு வந்ததோ ஒரே ஒரு கார். அதற்குச் சார்ஜ் ஏறுவதற்குள் தெருவே கூடிவிட்டது.

"அத்தான், பெரிய பிளக் எங்க இருக்கு?" என்றபடிதான் உள்ளே வந்தான். எங்கள் வீட்டில் பெரிய பிளக் என்றால் கிரைண்டர் பிளக். மாவு பாதிதான் அரைபட்டிருந்தது. அவன் அக்கா முறைத்த முறைப்பில் இருந்த சார்ஜும் இறங்கியிருக்கும். ஒருவழியாக உளுந்து வழிவிட்டு, வயரை ஜன்னல் வழியே இழுத்துச் சொருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்தார். டெஸ்டரை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எர்த் வரல சார்."

"இவ்வளவு நாளா கிரைண்டர் ஓடுதே?"

"கிரைண்டர் கேக்காது சார். கார் கேக்கும்."

எர்த் குழியில் நாலு குடம் தண்ணீரும் ஒரு பை உப்பும் கொட்டினோம். கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் உப்பு வாங்கி மண்ணுக்குப் போடுகிற ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். சிவப்பு பச்சையானது. மச்சினன் காரை ஏதோ கன்றுக்குட்டி மாதிரித் தடவிக்கொடுத்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெரியவர் காரின் ஓட்டையை எட்டிப் பார்த்தார். மேலே ஏழு துளை, கீழே தடியாக இரண்டு. விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது வாசல்! சித்தர் சொன்ன உடம்புதான் போ" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அதற்குப் பெயர் சிசிஎஸ்-2. மேலே உள்ள ஏழும் வீட்டில் மெதுவாக ஏற்ற. கீழே உள்ள இரண்டும் நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்ற.

பாரீஸிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த சித்தப்பா மகனும் எட்டிப் பார்த்தான். காரைக்காலில் தெருவுக்கு ஒரு பிரான்ஸ் வீடு உண்டு. அந்த வீட்டுக்கு ஒரு டப்பா நிறைய அடாப்டரும் உண்டு. அவன் காபி மெஷினுக்கு ஒன்று, ஷேவருக்கு ஒன்று என்று பை முழுக்க அடாப்டரோடு வருகிறவன். "அண்ணே, எங்க ஊர் கார்லயும் இதே ஓட்டைதாண்ணே" என்றான். ஷேவருக்குக்கூட அமையாத ஒற்றுமை காருக்கு அமைந்துவிட்டது.

இந்த ஒற்றுமை சும்மா வரவில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனிக்காரர்கள் டைப்-2 என்று ஒரு பிளக் செய்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனிகள் இத்தாலிக் கம்பெனி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, துளைக்குக் கதவு வைத்த டைப்-3 பிளக்தான் பாதுகாப்பு என்று அடம்பிடித்தன. ஐரோப்பிய ஆணையம் 2013இல் ஜெர்மன் பிளக்கின் பக்கம் சாய்ந்தது. 2014இல் அதுவே சட்டமானது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை 1954 நவம்பர் 1ஆம் தேதி விட்டுக்கொடுத்தார்கள். பிளக்கை விட்டுக்கொடுக்க மேலும் அறுபது வருஷம் ஆயிற்று.

அமெரிக்காவில் கதை வேறு. டெஸ்லா கம்பெனி 2022 நவம்பரில் தன் சொந்தப் பிளக்கை உலகத்துக்குத் திறந்துவிட்டு, அதற்கு 'வட அமெரிக்கச் சார்ஜிங் தரம்' என்று பெயரும் வைத்தது. தன் கார்களைத் தவிர ஏறக்குறைய வேறு யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்கு இப்படிப் பேர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஆனால் 2023 மே மாதம் ஃபோர்டு வந்து சேர்ந்தது. ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ். அப்புறம் வரிசையாக எல்லோரும். பிளக்கின் அழகுக்காக வரவில்லை. சார்ஜ் ஏற்றும் இடங்கள் அதிகமாகவும் ஒழுங்காகவும் டெஸ்லாவிடம் இருந்தன, அதற்காக வந்தார்கள்.

நம் நாட்டில் 2017இல் பாரத் ஏசி-001, பாரத் டிசி-001 என்று இரண்டு வகை வந்தன. பாரத் என்று பெயர் சூட்டிய டிசி வகையில், காரில் சொருகும் முனையான கன் மட்டும் சீனத் தரம். 2018 டிசம்பரில் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் போட்டது: பொதுச் சார்ஜிங் நிலையம் வைப்பவர் இரண்டு ஐரோப்பிய கன், ஒரு ஜப்பானிய கன், இரண்டு பாரத் கன் என்று ஐந்து வகையும் வைக்க வேண்டும். டீக்கடை போட வருகிறவனிடம் இட்லி, பர்கர், சூஷி எல்லாம் வைத்தால்தான் லைசென்ஸ் என்றால் எவன் அடுப்பு மூட்டுவான்? 2019 அக்டோபரில், உங்களுக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று மாற்றினார்கள். அதற்குள் ஹூண்டாய் கோனா சிசிஎஸ்-2 ஓட்டையோடு வந்துவிட்டது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸானும் எம்ஜியும் அதே ஓட்டையோடு வந்தன. சண்டை இல்லாமல் ஒரு காரியம் முடிந்தது. பத்திரிகைகளில் அது பெரிதாக வராததற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் கன் பொருந்திவிட்டால் கரண்டு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மச்சினன் வரும் வழியில் ஒரு ஓட்டல் வாசலில் கன்னைச் சொருகினான், கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகு அந்தக் கம்பெனியின் ஆப்பை இறக்கி, ஓடிபி வாங்கி, வாலட்டில் பணம் போட்டு, மிச்சப் பணத்தை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிட்டு வந்தான். எங்கள் வாஞ்சூர் எல்லைக்கு நாகூர்ப் பக்கமிருந்து விலை மலிவு என்று பெட்ரோல் போட வருகிறவர்களிடம் யாரும், "உங்க டேங்க் எந்தக் கம்பெனி? ஆப் இருக்கா?" என்று கேட்டதில்லை.

இதெல்லாம் கார்க்காரர்கள் கவலை. போலகத்தில் மின்சார வண்டி என்றால் ஸ்கூட்டர். அங்கேதான் கூத்தே. ஏத்தர், டிவிஎஸ், ஓலா மூன்றுக்கும் ஆலைகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே மாவட்டத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மூன்றும், ஒன்றின் சார்ஜர் மற்றதற்குப் பொருந்தாமல் ஊர் ஊராக ஓடுகின்றன. ஏத்தர் தன் பிளக்கை 2021இல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. ஹீரோவின் விடா எடுத்துக்கொண்டது. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அதற்கு ஐஎஸ் 17017 வரிசையில் ஓர் எண்ணும் கொடுத்தது. எண் கிடைத்தது, மற்றவர்களின் மனது கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஸ்கூட்டர் சார்ஜர் பழுதானால், பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்கலாம், சார்ஜர் கேட்க முடியாது. சுவரில் சொருகும் முனை மட்டும் எல்லாவற்றுக்கும் அதே பழைய மூன்று முள் பிளக். தாத்தா காலத்தில் முடித்துவைத்த காரியம் அது.

அளவு ஒன்றாவதற்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று காரைக்காலுக்குத் தெரியும். 1898இல் பேரளத்திலிருந்து வந்த மீட்டர்கேஜ் ரயில் 1980களில் நின்றுபோனது. நாகூர் வழியாக அகலப் பாதையில் ரயில் திரும்பி வந்தபோது ஆண்டு 2011. நடுவில் ஒரு தலைமுறை தன் ஊரில் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டது.

ஸ்கூட்டருக்கும் அந்தக் கதி வேண்டாம். நம் நாட்டுக் கார்களை ஒன்று சேர்த்தது சந்தை. ஸ்கூட்டர்களைச் சேர்க்க, இருக்கிற தரத்தை அரசு கட்டாயமாக்கினால் போதும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஸ்கூட்டர் வாங்கப் போகும்போது கலரைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டையைப் பாருங்கள். "இது பக்கத்து வீட்டு சார்ஜருக்குப் பொருந்துமா?" என்று ஷோரூமில் சத்தமாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கம்பெனிக்குக் காது கேட்கும்.